ஆங்கில அன்றாடச் சொற்களில் பிழைப்பிரிப்பும் மக்கள் சொற்பிறப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொற்கள் சில, சொல்லெல்லையைக் கேட்போர் தவறாக உணர்ந்ததால் இன்றைய வடிவைப் பெற்றவை. ஏப்ரன், அம்பயர், நிக்நேம், பஸ், பர்கர் முதலிய சொற்களின் வரலாற்றை இக்கட்டுரை தமிழ் இலக்கணக் கலைச்சொற்களின் துணையுடன் விளக்குகிறது. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு சொல்லின் பிறப்பைத் துணிவது எவ்வளவு பொருந்தும் என்னும் வினாவை, தமிழரிடையே பரவலாகப் பேசப்படும் 'காசு – கேஷ்' உறவை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், பிழைப்பிரிப்பு, மக்கள் சொற்பிறப்பு, சார்படை, கடன்சொல், காசு, கட்டுமரம்.

முன்னுரை

பேச்சில் சொற்களுக்கிடையே வெற்றிடம் இல்லை. எழுத்தில் நாம் விடும் இடைவெளி கண்ணுக்காக ஏற்பட்டது. காதுக்கு எட்டுவது தொடர்ந்த ஓரோசை மட்டுமே. அவ்வோசையை எங்கே வெட்டுவது என்பதைக் கேட்பவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. தமிழ் இலக்கண மரபு இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஒரே எழுத்துத் தொடரைச் செம்பொன் பத்து என்றும், செம்பு ஒன்பது என்றும் இருவகையாகப் பிரித்துப் பொருள் கொள்ளத்தக்க எடுத்துக்காட்டை உரையாசிரியர்கள் புணரியலில் காட்டுவர். அங்கே இரண்டு பிரிப்பும் பொருள் தருவதால் சூழலே நடுவராகிறது. ஆங்கிலத்தில் நிகழ்ந்தது வேறு. அங்குத் தவறான பிரிப்பே வென்றது. சரியான வடிவம் வழக்கொழிந்தது. அத்தவற்றை இன்று அம்மொழி பேசுவோர் எவரும் தவறாக உணர்வதில்லை.

கட்டுரைக்குள் புகுமுன் ஒன்று கூற வேண்டும். ஆங்கிலச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. பழைய ஆங்கில வடிவங்களின் ஒலிப்பை இவ்வெழுத்து ஏறத்தாழவே காட்டும்.

'அ', 'அன்' : தோன்றலா, கெடுதலா?

ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன் 'அ', 'அன்' என்னும் சார்படைகள் வருகின்றன. மெய்யொலிக்கு முன் 'அ', உயிரொலிக்கு முன் 'அன்' என்று பள்ளியில் கற்பிக்கின்றனர். தமிழ் பயின்ற மாணவர் இதைக் கேட்டவுடன், இரண்டு உயிர்களுக்கிடையே வரும் உடம்படுமெய் போன்றதே இந்த னகரம் என்று கருதக்கூடும். அதாவது 'அ' என்பதே முதல் வடிவம். னகரம் தோன்றல் விகாரம் என்பது அவர் முடிவாகும். வரலாறு இதற்கு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்பது 'ஒன்று' எனப் பொருள்படும் எண்ணுப்பெயர். இன்றைய 'ஒன்' என்னும் எண்ணுப்பெயரும் 'அன்' என்னும் சார்படையும் அதிலிருந்தே கிளைத்தன. மெய்யொலிக்கு முன் மட்டும் அதன் ஈற்று னகரம் மறைந்தது. ஆகவே இது தோன்றல் அன்று, கெடுதல். தமிழில் 'ஒரு', 'ஓர்' என்னும் எண்ணடைகள் வருமொழி முதலெழுத்தை நோக்கி மாறிமாறி வருவதை இதனோடு ஒப்பிடலாம். இரு மொழிகளும் 'ஒன்று' என்னும் பொருளுடைய சொல்லிலேயே இம்மாற்றத்தைக் கொண்டிருப்பது சுவையான ஒற்றுமை. ஆயினும் இதற்கு அப்பால் உறவு எதையும் தேட வேண்டியதில்லை.

இந்த னகரமே ஆங்கிலச் சொல்லெல்லைகளைக் குழப்பியது. 'அ' என்பதன்பின் நகரத்தில் தொடங்கும் ஒரு சொல் வந்தால், அந்நகரம் முன்சொல்லுக்கு உரியதா, பின்சொல்லுக்கு உரியதா எனக் கேட்போர்க்குத் தெரியாது.

நகரம் இழந்த சொற்கள்

சமையலறையிலும் பட்டறையிலும் ஆடை அழுக்காகாமல் முன்புறம் கட்டும் துணி 'ஏப்ரன்' எனப்படும். 14ஆம் நூற்றாண்டில் அதன் வடிவம் 'நேப்ரன்'. 'அ நேப்ரன்' என்பதை 'அன் ஏப்ரன்' எனப் பிரித்தவர்கள் 15ஆம் நூற்றாண்டிற்குள் புதிய வடிவை எழுத்திலும் ஏற்றிவிட்டனர். 'நேப்ரன்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் அடி, மேசைத்துணி எனப் பொருள்படும் 'நாப்' என்னும் சொல். அதற்கும் மூலம் 'மாப்பா' என்னும் இலத்தீன் சொல். துணி, கைத்துணி என்பது அதன் பொருள். இதே அடியில் பிறந்த 'நேப்கின்' தன் நகரத்தை இழக்கவில்லை. உலகப் படத்தைத் துணியில் வரைந்ததால் 'மேப்' என்னும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்று. மேசையில் மடித்து வைக்கும் நேப்கின், சமையற்காரர் இடுப்பில் கட்டும் ஏப்ரன், வகுப்பறைச் சுவரில் தொங்கும் மேப் ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள் என்பதை அவற்றின் இன்றைய வடிவங்களிலிருந்து எவரும் ஊகிக்க இயலாது. ஒலியை மட்டும் நம்புவோர்க்கு இது முதல் எச்சரிக்கை எனலாம்.

'ஆடர்' என்பது ஒருவகை நச்சுப்பாம்பின் பெயர். பழைய ஆங்கிலத்தில் அது 'நேட்ரெ'. பொதுவாகப் பாம்பு என்றே அதற்குப் பொருள். இதன் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் 'நாட்டர்' என்னும் சொல் நகரத்துடனேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில் எழுந்த மாற்றத்திற்கு அக்கிளைமொழியே சான்றாக நிற்கிறது.

கிரிக்கெட் ஆடும் ஊர்களிலெல்லாம் அறியப்பட்ட 'அம்பயர்' என்னும் சொல்லின் கதை இன்னும் செறிவானது. 'நோன்பெர்' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் 'நோன்' என்பது எதிர்மறை. 'பெர்' என்பது இணை, சமம். இணையில்லாதவர், அதாவது இரட்டைப்படாமல் ஒற்றையாக நிற்பவர் என்பது பொருள். வழக்கொன்றில் இரு தரப்பும் அமர்த்திய நடுவர் இருவரும் உடன்படாதபோது, மூன்றாமவராக அழைக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவரே இவர். நடு ஆங்கிலத்தில் 'நூம்பெர்' என வழங்கிய இச்சொல் 'அ நூம்பெர்' – 'அன் ஊம்பெர்' என்று வெட்டுண்டு இன்றைய வடிவை அடைந்தது. எதிர்மறை முன்னொட்டின் முதலெழுத்தே அறுபட்டதால், சொல்லுக்குள் 'இல்லை' என்னும் பொருள் இருந்ததற்கான தடயமும் மறைந்தது. இதில் உள்ள 'பெர்' என்பதே 'பியர்', 'பேர்' (இணை) என்னும் ஆங்கிலச் சொற்களிலும் உள்ளது. ஆய்விதழ்களில் ஒத்த புலமையுடையோர் கட்டுரையை மதிப்பிடுவதை ஆங்கிலத்தில் 'பியர் ரிவியூ' என்கிறோம். அவ்வகையில் பியர் என்பவர் சமமானவர். அம்பயர் என்பவர் சமமல்லாதவர்.

தச்சர் துளையிடும் 'ஆகர்' என்னும் கருவியின் பெயரும் இவ்வகையினதே. வண்டிச் சக்கரத்தின் குடத்தைக் குறிக்கும் சொல்லும் ஈட்டியைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த 'நவொகார்' அதன் பழைய வடிவம்.

நகரம் பெற்ற சொற்கள்

எதிர்த்திசையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்பதில் 'நிக்' என்றால் என்ன? தனியே அதற்கு இங்குப் பொருளில்லை. 'ஏக்' என்பது 'கூடுதல்', 'மேலும்' எனப் பொருள்படும் பழஞ்சொல். 'ஏக்நேம்' என்றால் கூடுதற் பெயர். 'அன் ஏக்நேம்' என்பதே 'அ நெக்நேம்' எனப் பிரிந்து, பின்னர் 'நிக்நேம்' ஆயிற்று. இயற்பெயருக்கு மேல் கூடுதலாக இடப்பட்ட பெயர் என்னும் தெளிவான பொருள் இதனால் மறைந்துபோயிற்று. பல்லியுருவில் நீர்நிலையோரம் வாழும் 'நியூட்' என்னும் சிற்றுயிரியும் முன்பு உயிர்முதற் சொல்லாகவே இருந்தது. அதன் மாற்று வடிவமான 'எஃப்ட்' நகரம் ஏற்காமல் இன்றும் அருகி வழங்குகிறது.

'என்னுடைய' எனப் பொருள்படும் 'மைன்' என்பதும் முன்னாளில் உயிர்முதற் பெயர்களுக்கு முன் வந்தது. 'மைன் எட்' என்று அன்புடன் அழைத்தது 'மை நெட்' ஆயிற்று. எட்வர்ட் என்பவர் நெட் ஆனதும், எல்லன் என்பவர் நெல் ஆனதும் இப்படித்தான். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் கோமாளி மன்னனை 'நங்க்கிள்' என விளிப்பான். 'மைன் அங்க்கிள்' என்பதன் சிதைவு அது.

இவ்வகை மாற்றங்களில் பெரும்பாலானவை 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நடந்தவை. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியது 1476இல். சொற்களுக்கிடையே அச்சு நிறுத்திய இடைவெளி பரவிய பிறகு இத்தகைய வெட்டல் அரிதாயிற்று. முற்றிலும் நின்றுவிடவில்லை. 'அனதர்' என்பதன் நடுவே 'ஹோல்' என்னும் அடையைச் செருகி, 'அ ஹோல் நதர்' என்று இக்கால ஆங்கிலப் பேச்சில் கூறுவதைக் கேட்கலாம்.

நகரத்தில் தொடங்கும் எல்லாச் சொற்களும் ஏன் இதற்கு ஆளாகவில்லை? 'நேம்' என்பது 'ஏம்' ஆகவில்லை; 'நைட்' என்பது 'ஐட்' ஆகவில்லை. சார்படையின்றியும் பன்மையிலும் வேறு அடைகளுடனும் மிகுதியாக வழங்கும் சொற்களின் எல்லை கேட்போர் மனத்தில் உறுதியாகப் பதிந்திருந்தது என்பதே என் கருத்து. ஏப்ரனும் ஆகரும் நியூட்டும் அந்த அளவுக்கு நாவில் புழங்கியவையல்ல.

ஆரஞ்சு : அவசர முடிவுக்கு ஒரு தடை

இதுவரை கண்ட விதியைக் கொண்டு 'அ நாரஞ்சு' என்பதே 'அன் ஆரஞ்சு' ஆயிற்று என்று சிலர் கூறுவர். ஸ்பானிய மொழியில் 'நராங்ஹா', அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', வடமொழியில் 'நாரங்க' என நகரம் நிற்பதால், இக்கூற்று ஐயமற்றதாகவே தோன்றும். ஆனால் ஆங்கிலத்துக்கு இச்சொல்லைக் கொடுத்த பழைய பிரெஞ்சிலேயே அது 'ஒரெஞ்சு' என நகரமின்றி இருந்தது. இத்தாலிய 'அரான்சா'விலும் நகரம் இல்லை. வெட்டு நிகழ்ந்த இடம் இங்கிலாந்து அன்று, ஐரோப்பாவின் தென்பகுதி. பொன்னைக் குறிக்கும் 'ஓர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சாயலும் அம்மாற்றத்திற்குத் துணைநின்றது என்பர். விதி சரியாக இருந்தும் அதைப் பொருத்திய இடம் பிழையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வடமொழி 'நாரங்க' என்பதே திராவிட மொழியொன்றிலிருந்து சென்றது என அறிஞர் பலர் கருதுவர். மலையாளத்தில் இவ்வினக் கனிகளின் பெயரில் 'நார' என்னும் பகுதி இன்றும் உள்ளது. தமிழில் நாரத்தை உள்ளது. அக்கருத்து பொருந்துமாயின், நாரத்தையின் உறவுச்சொல்லே கண்டங்கள் கடந்து நகரத்தை இழந்து 'ஆரஞ்சு' என மீண்டும் நம் கடைத்தெருவுக்கு வந்துள்ளது எனலாம்.

தொடரின் வால்

சார்படை இல்லாமலும் சொற்கள் வெட்டுண்டன. இங்கிலாந்தின் ஈலி நகரில் துறவுமடம் நிறுவிய எத்தெல்திரித் என்னும் அரசி 679இல் இறந்தார். மக்கள் வழக்கில் அவர் பெயர் ஆட்ரி. கழுத்தில் எழுந்த கட்டியால் வருந்திய அவர், இளமையில் கழுத்தணிகளை விரும்பி அணிந்ததற்குரிய தண்டனை என அதனை ஏற்றுக்கொண்டதாகப் பீட் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அவர் நினைவாக அக்டோபர் 17 அன்று கூடும் சந்தையில் கழுத்தில் அணியும் பட்டுக் கயிறுகள் விற்பனையாயின. 'செயின்ட் ஆட்ரி' என்பதன் நடுவிலுள்ள டகரம் பின்சொல்லோடு ஒட்டி 'டாட்ரி' பிறந்தது. முதலில் அக்கயிற்றுக்குரிய அடையாக இருந்தது. பின்னர் மலிவான பகட்டைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல்லாயிற்று. பகட்டுக்கு வருந்தியவரின் பெயரே பகட்டின் பெயராக நிலைத்தது.

தமிழ் இலக்கணம் அறிந்தோர் மிகவும் சுவைக்கத்தக்க சொல் 'பஸ்' ஆகும். இலத்தீனில் 'ஓம்னிஸ்' என்றால் எல்லாம். அதன் நான்காம் வேற்றுமைப் பன்மை 'ஓம்னிபுஸ்', அதாவது 'எல்லோருக்கும்'. கட்டணம் செலுத்தும் எவரும் ஏறத்தக்க குதிரை வண்டிக்கு 1820களில் பிரான்சில் இப்பெயர் வழங்கியது. 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர் இலண்டனில் பேடிங்டனுக்கும் வங்கிப் பகுதிக்கும் இடையே இத்தகைய வண்டியை ஓட்டினார். சொல் நீளமாக இருந்ததால் மக்கள் அதன் வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். அவ்வாலில் பகுதி எதுவும் இல்லை. அது வெறும் வேற்றுமை உருபு. தமிழில் 'எல்லோருக்கும்' என்பதில் உள்ள குவ்வுருபைத் தனியே பிரித்தெடுத்து ஒரு வண்டிக்குப் பெயராக இட்டால் எப்படியோ, அப்படி அமைந்ததே 'பஸ்'. உருபு பெயராகி, அப்பெயர் மினிபஸ் எனப் பிற சொற்களுடன் கூடித் தொகையும் ஆயிற்று.

ஹெலிகாப்டர் என்பது கிரேக்கத்தில் 'ஹெலிக்கோ' (சுருள்), 'ப்டெரோன்' (சிறகு) ஆகியவற்றின் கூட்டு. ஆங்கிலேயர் காதில் அது 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிந்ததால் ஹெலிபேட் போன்றவை எழுந்தன. ஹாம்பர்க் என்னும் ஜெர்மானிய நகரப் பெயரடியாகப் பிறந்த 'ஹாம்பர்கர்', பன்றித் தொடையிறைச்சியைக் குறிக்கும் 'ஹாம்' என்பதோடு 'பர்கர்' சேர்ந்தது போலக் கேட்டதால், சீஸ்பர்கரும் பின்னர்ப் பர்கரும் தனித்து நின்றன.

இவ்வரிசையில் தமிழ்ச்சொல் ஒன்றும் உண்டு. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் 'காட்டமரான்' ஆன அச்சொல், மரங்களைக் கட்டிய மிதவையைக் குறித்த நிலை மாறி, இரண்டு உடல்களை இணைத்த படகுக்கு உரியதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் கொண்ட படகு வந்தபோது 'ட்ரைமரான்' என்று பெயரிட்டனர். 'கட்டு' என்பதை நீக்கி மூன்று எனப் பொருள்படும் 'ட்ரை' என்பதைச் சேர்த்தவர்கள், தமிழ்ச் சொல்லின் எல்லையை அறியாமலேயே மிகச் சரியான இடத்தில் வெட்டினர். வேறோரிடத்தில் 'காட்' என்னும் முதலசை பூனையை நினைவூட்டியது. அதனால் சண்டைக்காரியைக் குறிக்கும் இழிவழக்காகவும் 'காட்டமரான்' சிறிதுகாலம் வழங்கியது. தமிழ்ச்சொல் ஒன்று ஆங்கிலத்தின் மக்கள் சொற்பிறப்புக்கு ஆளானமைக்கு இது சான்று.

மக்கள் சொற்பிறப்பும் புலவர் சொற்பிறப்பும்

அறியாத சொல்லை அறிந்த சொல்லாக்கிக் கொள்வது மக்கள் இயல்பு. 'குக்கராச்சா' என்னும் ஸ்பானியக் கரப்பான்பூச்சி ஆங்கிலத்தில் சேவலையும் மீனையும் குறிக்கும் சொற்கள் சேர்ந்ததுபோல 'காக்ரோச்' ஆயிற்று. மணமகனைக் குறிக்கும் 'பிரைட்கும' என்பதில் 'கும' என்றால் ஆடவன். அச்சொல் வழக்கொழிந்தபின் அவ்விடத்தில் 'க்ரூம்' வந்து அமர்ந்தது. கற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதில் ஒலிக்காத சகர எழுத்தொன்று இன்றும் எழுதப்படுகிறது. இச்சொல் ஜெர்மானிய மரபினது. அதில் சகரம் ஒருபோதும் இருந்ததில்லை. 'இன்சுலா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த 'ஐல்' என்பதோடு இதற்கு உறவுண்டு எனக் கருதிய எழுத்தறிவினரே அதைச் செருகினர். 'பாஷ்' என்னும் சொல், இந்தியாவுக்குச் செல்லும் கப்பலில் வெயில் படாத அறைகளைக் குறித்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு என்று கூறுவதும் இவ்வகைக் கதையே. அவ்வெழுத்துகள் பொறித்த பயணச்சீட்டு ஒன்றேனும் கிடைத்ததில்லை.

காசும் கேஷும்

ஆங்கிலக் 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்து வந்தது என்னும் கூற்று மேடைகளிலும் பாடநூலுக்கு வெளியேயான எழுத்துகளிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. இதை நகைத்து ஒதுக்குவதும் முறையன்று. அப்படியே ஏற்பதும் முறையன்று. 'நேட்ரெ'க்கும் 'நாட்டர்'க்கும் நாம் கேட்ட சான்றுகளையே இதற்கும் கேட்க வேண்டும். பழைய பொருள் என்ன? இடைநின்ற மொழி எது? எக்காலத்தில் எவ்விடத்தில் எழுதப்பட்டது?

அவ்வாறு கேட்டால் ஒரு சொல் இரண்டாகப் பிரிகிறது. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதன் பழம்பொருள் பணப்பெட்டி. பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காஸா' வழியாக, பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா' என்னும் இலத்தீன் சொல்லை அது சென்றடைகிறது. 'கேஷியர்' என்பவர் அப்பெட்டிக்குப் பொறுப்பாளர். இவ்வழியில் தமிழுக்கு இடமில்லை.

மற்றொரு 'கேஷ்' உண்டு. கீழைநாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலம் புகுந்தது. போர்த்துக்கீசிய மொழியில் 'காய்ஷா' என்றால் பெட்டி என்றும் பொருள். அதுவும் 'காப்ஸா'வின் வழித்தோன்றலே. கேட்ட தமிழ்ச் சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லின் அச்சில் அவர்கள் வார்த்துக்கொண்டனர். ஆகவே இரு 'கேஷ்'களும் ஒலியில் ஒன்றானதற்கு மக்கள் சொற்பிறப்பே காரணமாயிற்று எனலாம்.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி நாணயக் 'கேஷ்'க்கு இவ்வழியையே காட்டுகிறது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அவ்வகராதியின் பெயரே, முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்னும் முழக்கத்தை ஆங்கிலப் படைவீரர்கள் தம் நாட்டுப் பெயர்களாகத் திரித்துக் கேட்டதால் விளைந்தது.

நாணயச் சான்றும் உள்ளது. சென்னை மாகாணக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இம்முறையே நிலவியது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அச்சடித்த 10, 20 காசுச் செப்பு நாணயங்களின் மேல் 'கேஷ்' என்றே ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தனர். 1808ஆம் ஆண்டு அச்சான அந்நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பிற்காலத்தில் கடலடியிலிருந்து அவை பெருமளவில் எடுக்கப்பட்டன. அந்நாணயங்களில் உள்ள 'கேஷ்' தமிழ்ச் சொல்லே. அவற்றை எண்ணிப் பெற்ற கம்பெனிக் கணக்கர் தம் ஏட்டின் தலைப்பில் எழுதிய 'கேஷ்' தமிழ்ச் சொல் அன்று.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி இவ்விரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகவே பதிந்துள்ளது. ஆங்கிலத்திலுள்ள தமிழ்க் கடன்சொற்களைத் தொகுப்போர் இரண்டாவதை மட்டும் சேர்த்து, பொருளையும் போர்த்துக்கீசிய இடைவழியையும் உடன் குறித்தல் வேண்டும்.